கோடியக்கரை சரணாலயத்துக்கு முதன்முறையாகச் செல்பவர்களுக்கு

வங்கக் கடலை ஒட்டித் தெற்கு நோக்கி வரும் காவிரிப் படுகையின் கரை, கோடியக்கரையில் ஏறத்தாழச் செங்கோணமாக மேற்கே திரும்பிவிடுகிறது. அந்தத் திருப்பத்துக்குக் கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, வடக்கிலும் மேற்கிலும் உப்பளங்களும் பெருஞ்சதுப்பும். நடுவில், பழைய மணல்மேடுகளின் மீது ஒரு சிறு காடு. இந்தக் காடும் அதை ஒட்டிய புல்வெளியும் 1967-ஆம் ஆண்டு வெளிமான்களுக்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பின்னர், வேதாரண்யம் சதுப்பையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் உள்ளடக்கிய 38,500 ஹெக்டேர் பரப்பு, 2002 ஆகஸ்டில், ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் அந்தத் தகுதியை முதலில் பெற்ற ஈரநிலம் இதுதான்.

இவ்வளவு பெயர் பெற்ற இடத்துக்குப் போய்விட்டு, "அங்கே ஒன்றுமே இல்லை, நாலு மானைப் பார்த்தோம், வெயில்தான் அடித்தது" என்று சலித்துக்கொண்டு திரும்புகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பெரும்பாலும் வேளாங்கண்ணிக்கும் வேதாரண்யத்துக்கும் போகும் வழியில், பகல் 12 மணிக்கு, வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கியவர்கள். இங்கே உயிரினங்களைக் கூண்டிலோ வேலிக்குள்ளோ வைத்துக் காட்டுவதில்லை. அவை தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், நாம் இடையூறு செய்யாத தொலைவில் நின்று பார்க்க வேண்டும். அந்தத் தொலைவைக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பயணத்தின் பெரும்பகுதி. பேருந்து, அறை, சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எந்த மாதத்தில் செல்வது

முதலில் எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட முடியாது. நீர்ப்பறவைகளுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். அக்டோபரிலும் நவம்பரிலும் காட்டுப் பறவைகள் வலசைப் பாதையில் இங்கே இறங்கி இளைப்பாறும்; விடியலிலும் அந்தியிலும் கூவுவதால் ஆறுமணிக் குருவி என்று பெயர் பெற்ற வண்ணப் பறவையும் அவற்றில் ஒன்று. ஆனால் அதே மாதங்கள்தான் வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் மாதங்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. காட்டின் மரங்கள் பெருமளவில் சாய்ந்தன, மான்களும் பறவைகளும் மடிந்தன. அந்தப் பருவத்தில் செல்வதானால், வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் பயணத்தைக் கைவிடும் மனத்தோடுதான் புறப்பட வேண்டும். ஆமைகள் முட்டையிடும் காலம் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. வெளிமான்களை ஆண்டு முழுவதும் பார்க்கலாம் என்றாலும், கோடையில் சதுப்பு வற்றிப் பறவைகள் போனபின், கச்சான் காற்றடிக்கும் புல்வெளியில் அவற்றை மட்டுமே நிதானமாகப் பார்க்க வருகிறவர்களும் உண்டு.

மாதம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, தண்ணீரும் சரியாக இருக்க வேண்டும். கோடியக்கரையிலிருந்து மேற்கே அதிராம்பட்டினம் வரை நீளும் இந்தச் சதுப்பு, மழைக்காலத்தில் பரந்த ஏரிபோல் நிரம்பி, பிறகு வெயிலில் சிறுகச் சிறுக வற்றி, கோடையில் உப்புப் பூத்த தரையாகிவிடும். பறவைகள் அந்த ஆழத்தைக் கணக்கிட்டே இறங்குகின்றன. பூநாரைக்கு நீண்ட கால் இருப்பதால் முழங்கால் அளவுத் தண்ணீரிலும் நின்று மேயும். ஆனால் 30 கிராம் கூட எடையில்லாத கொசு உள்ளானுக்கு நம் கட்டைவிரல் மூழ்கும் தண்ணீர்கூட அதிகம், அதற்கு ஈரச் சேறு வேண்டும். மழை கொட்டித் தீர்த்த ஆண்டில் டிசம்பரில் போனால் தண்ணீர் ஆழமாகக் கிடந்து, பறவைகள் வேறெங்கோ சிதறியிருக்கும். அதே ஆண்டில் பிப்ரவரியில் போனால் காட்சியே வேறு. ஆகையால் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு வனச்சரக அலுவலகத்திலோ உள்ளூரில் தெரிந்தவர்களிடமோ, "பறவை வந்திருக்கிறதா" என்று கேட்பதைவிட, "சதுப்பில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது" என்று கேளுங்கள். அந்தப் பதிலிலிருந்து மற்றதை நீங்களே ஊகித்துவிடலாம்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் சில உண்டு. தை அமாவாசை, ஆடி அமாவாசை போன்ற நாட்களில் ஆதிசேது எனப்படும் இந்தக் கடலில் நீராடவும் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்யவும் பெருங்கூட்டம் வரும். அது அவர்களுடைய நாள், அவர்களுடைய கடல். பறவை பார்க்க வருகிறவர் அன்றைக்கு ஒதுங்கிக்கொள்வதுதான் முறை. பொங்கல் விடுமுறை நாட்களும் அப்படித்தான். செவ்வாய், புதன் போன்ற சாதாரண வேலைநாட்களில் சென்றால் கரையில் உங்களையும் நண்டுகளையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

அனுமதி, வழி, தங்குமிடம்

சரணாலயம் நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளரின் பொறுப்பில் இருக்கிறது. கோடியக்கரையிலேயே வனச்சரக அலுவலகம் உள்ளது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் நுழைவது நம் உரிமையன்று, அது குறிப்பிட்ட நோக்கங்களுக்காகத் தரப்படும் அனுமதி. சுற்றுலா, புகைப்படம், ஆய்வு ஆகியவை அந்த நோக்கங்களில் அடங்கும், ஆனால் ஒன்றுக்குப் பெற்ற அனுமதி மற்றொன்றுக்குச் செல்லாது. வீடியோ எடுப்பதாக இருந்தாலும், பெரிய லென்ஸோடு வருவதாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லி, உரிய கட்டணத்தைச் செலுத்தி, ரசீதைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் கொண்டுவர வேண்டாம்; பறவைக் கூட்டத்தின் மேல் பறக்கும் எதையும் அவை பருந்தென்றே எடுத்துக்கொள்ளும். நுழைவு நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை என்பதால், போன ஆண்டு போய்வந்த நண்பர் சொன்னதை நம்பாமல் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்வது நல்லது.

நாகப்பட்டினத்திலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் வேதாரண்யத்துக்குப் பேருந்துகள் உள்ளன. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை சுமார் 12 கிலோமீட்டர். நெடுங்காலம் மூடிக்கிடந்த திருத்துறைப்பூண்டி–அகஸ்தியன்பள்ளி ரயில் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது; அதில் வண்டிகள் குறைவு என்பதால் கால அட்டவணையைப் பார்த்துக்கொண்டு ஏறுங்கள். பொதுப் போக்குவரத்தில் வருவதே இந்தக் காட்டுக்கு நல்லது, ஏனென்றால் கோடியக்காடு என்ற ஊரைத் தாண்டியதும் சாலை காட்டை ஊடறுத்துத்தான் செல்கிறது. சொந்த வண்டியில் வந்தால் அந்தப் பகுதியில் 20, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள். அந்தி நேரத்தில் புள்ளிமான் ஒன்று சாலையைக் கடந்தால், வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் வரும் அடுத்த மானுக்காகக் காத்திருங்கள். பெரும்பாலும் ஒன்று வரும்.

தங்குவதற்கு வனத்துறை விடுதி உண்டு, முன்பதிவு வேண்டும். கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் எளிய விடுதிகள் இருக்கின்றன. எங்கே தங்கினாலும் விடியலுக்கு முன்பே புறப்பட்டுவிடுங்கள்.

வரும் வழியில் அகஸ்தியன்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிறது. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து வந்த ராஜாஜியும் தொண்டர்களும் உப்புச் சட்டத்தை மீறிய இடம் அது. பத்து நிமிடம் இறங்கிப் பார்க்கலாம். அதன் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும் பாத்திகளைப் பார்த்தால், சதுப்பின் கதையும் கொஞ்சம் புரியும். இந்தக் கரையில் உப்பெடுப்பது பழந்தொழில். சிறு அளங்களின் ஓரத்தில் பறவைகள் மேய்வதையும் காணலாம். ஆனால் பரந்த நிலத்தை வரப்பு கட்டி அடைத்து, கடல்நீரை மேலும் மேலும் அடர்த்தியாக்கும் பெரிய உப்பளங்களில், ஓர் எல்லைக்குப் பிறகு மீனும் இறாலும் புழுவும் வாழாது. அவை இல்லாத தண்ணீரில் பறவைக்கு என்ன வேலை? வேதாரண்யம் சதுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இந்தக் கவலையைச் சொல்கிறார்கள், எனக்கும் அது நியாயமான கவலையாகவே படுகிறது.

பையில் என்ன இருக்க வேண்டும்

குடிதண்ணீர் முதலில். ஊரில் கடைகள் சில இருந்தாலும், ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வாங்கும் நிலைக்குப் போகாமல், ஆளுக்கு இரண்டு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுவாருங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகையை 2019 ஜனவரி முதல் தமிழ்நாடு அரசு தடைசெய்திருக்கிறது. சரணாலயத்தில் அந்தத் தடைக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. இங்கே காற்று ஓயாது. கையிலிருந்து நழுவிய ஒரு சிப்ஸ் உறை, நீங்கள் குனிந்து எடுப்பதற்குள் இசங்கு முட்புதருக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். அங்கிருந்து அதை மீட்க முடியாது. ஆகவே உறை போட்ட தின்பண்டங்களை அறையிலேயே பிரித்து, ஒரு டப்பாவில் கொட்டிக்கொண்டு வருவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். கூடவே ஒரு மஞ்சப்பை, குப்பைக்காக. வந்தபோது காலியாக இருந்த பை திரும்பும்போது நிறைந்திருக்கலாம்.

உடை பழுப்பு, இலைப்பச்சை, மண் நிறங்களில் இருக்கட்டும். வெள்ளைச் சட்டை வெயிலுக்கு இதமென்று தோன்றும், ஆனால் திறந்த சதுப்பில் அது ஒரு மைலுக்குத் தெரியும். கணுக்காலை மூடும் காலணி, தொப்பி, பைனாகுலர், கொசுவுக்கு முழுக்கைச் சட்டை. பைனாகுலர் இல்லாமல் வந்தால் கிட்டப் போகும் ஆசையை அடக்குவது கடினம். சொந்தமாக இல்லாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்கியாவது கொண்டுவாருங்கள். கேமராவைவிட அது முக்கியம் என்பது என் எண்ணம்.

காட்டுக்குள்

ஆண்டில் சில மாதங்களே மழை பெய்யும், உப்புக்காற்று வீசும் கடலோரத்திலும் இலை உதிர்க்காமல் நிற்பதால் இதை உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். உயர்ந்த மரங்களை எதிர்பார்க்காதீர்கள். பாலை, காசான், உகா என்று குட்டையாகப் பின்னிக்கிடக்கும் மரங்களும் புதர்களும்தான் இந்தக் காடு. கடல்மட்டத்திலிருந்து சில அடிகளே உயர்ந்த நிலம் இது; இராமர் பாதம் என்று மக்கள் வணங்கும் மணல்மேடுதான் இங்கே மிக உயரமான இடம், அதுவும் நாலு மீட்டர் அளவுதான். அதன் மீது ஏறி நின்றால் சுற்றிலும் காட்டின் தலைகள் ஒரே மட்டமாக, காற்று வாரிவிட்டதுபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

வனத்துறை வகுத்த பாதையை விட்டு இறங்க வேண்டாம். பாதையோரத்தில் மூலிகை என்று யாராவது காட்டினாலும் பறிக்க வேண்டாம். கோடியக்காட்டு மூலிகைகளுக்குப் பெயர் இருப்பதனாலேயே அவற்றுக்கு ஆபத்தும் இருக்கிறது. கோடையில் பாலைப்பழம் பழுத்து உதிர்ந்திருக்கும்போது ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளத் தோன்றும். குரங்கும் நரியும் பறவையும் அதை நம்பித்தான் அந்த மாதங்களைக் கடக்கின்றன. வேதாரண்யம் கடைத்தெருவில் விற்றால் வாங்கிச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட் அறவே கூடாது. சரணாலயத்துக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். காய்ந்த புல்லும் ஓயாத காற்றும் சேர்ந்த இடத்தில் அதற்குச் சட்டம் சொல்லவும் தேவையில்லை.

குரங்குகள் உங்களிடம் வரும். முன்பு வந்தவர்கள் கொடுத்துப் பழக்கியதால்தான் வருகின்றன. கொடுக்காதீர்கள், பையை மூடி வையுங்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். அதைச் சண்டைக்கு அழைப்பதாக அவை எடுத்துக்கொள்ளும். மட்டக்குதிரைகள் வேறு கதை. கூட்டமாகப் புல்வெளியில் மேயும் இந்தக் குதிரைகள் பார்க்க அழகானவை, அதனால் பிஸ்கட்டை நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இவை காட்டு விலங்குகள் அல்ல. எப்போதோ வளர்ப்பிலிருந்து விடுபட்டுப் பெருகியவை. வெளிமானுக்கு வேண்டிய புல்லையே இவையும் மேய்கின்றன. அதோடு சீமைக்கருவேலம் நெற்றைத் தின்று, விதையைச் சாணத்தோடு புல்வெளியெங்கும் பரப்புகின்றன. புல்வெளி முட்காடானால் வெளிமானுக்கு ஓடவும் இடமில்லை, ஒளிந்து வரும் நரியைப் பார்க்கவும் வழியில்லை.

வெளிமானின் பெயரிலேயே அது வாழும் இடம் இருக்கிறது: அது வெளியில் வாழும் மான். தன்னைப் பாதுகாப்பது கண்ணும் காலும் என்பதால், நாலு பக்கமும் தெரியும் திறந்த புல்வெளியை அது விரும்புகிறது. வளர்ந்த கலைமானின் முதுகு கறுத்து, வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் வெளுத்து, கொம்புகள் முறுக்கிய கயிறுபோல் நீண்டிருக்கும். பெண்மான்கள் கொம்பில்லாமல் மணல் நிறத்தில் இருக்கும். காலையில் காட்சிக் கோபுரத்திலோ பாதையோரத்திலோ உட்கார்ந்து பார்த்தால், கலைமான் ஒன்று தலையைப் பின்னால் சாய்த்து, கொம்புகள் முதுகோடு படிய, தன் எல்லைக்குள் வந்த மற்றொன்றின் முன்னால் மெல்ல நடந்து காட்டுவதைக் காணலாம். அந்த நடையைக் கலைத்துவிடக் கூடாது. மேயும் மான் தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால் நின்றுவிடுங்கள். மீண்டும் குனிந்து மேய்ந்தால் அங்கேயே இருக்கலாம். காதுகள் விறைத்து, ஒரு முன்னங்கால் மண்ணைத் தட்டினால் நீங்கள் கிட்ட வந்துவிட்டீர்கள். முதுகைக் காட்டாமல் பத்து அடி பின்வாங்குங்கள்.

சதுப்பின் ஓரத்தில்

முதல்முறை வந்தபோது நான் செய்த தவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன். தொலைவில் வெள்ளைக் கோடுபோல் பூநாரைகள் நின்றன. பழைய படங்களில் பார்த்த இளஞ்சிவப்பைத் தேடி, கரைமேட்டிலிருந்து இறங்கிச் சேற்றில் நடக்கத் தொடங்கினேன். மேலே காய்ந்து வெடித்திருந்த தரை, முப்பது அடி போனதும் காலை உள்வாங்கியது. செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது, கால் மட்டும் முழங்கால்வரை கறுத்து வெளியே வந்தது. அந்தத் தடுமாற்றத்தில் நான் கையை வீசியதும், பூநாரைகளுக்கு முன்னால் என் கண்ணுக்கே தெரியாமல் சேற்றோடு சேறாக நின்றிருந்த நூற்றுக்கணக்கான உள்ளான்கள் ஒரே மூச்சில் எழுந்து பறந்துவிட்டன. கரைமேட்டில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போன முதியவர் ஒருவர் நின்று கூப்பிட்டார்: "தம்பி, அங்க உளை இருக்கு, வந்த வழியே திரும்பி வாங்க. இங்கயே குந்தியிருங்க, காத்து திரும்புனா தண்ணி நகரும், அதுங்களே இந்தப் பக்கம் வரும்."

அவர் சொன்னது அப்படியே நடந்தது, ஒன்றரை மணி நேரம் கழித்து. இந்தச் சதுப்பு மிகவும் தட்டையானது, தண்ணீர் சாண் அளவுகூட இருக்காது. ஆகவே வாடைக் காற்று அழுத்தினால் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் ஈரச் சேறு வெளிப்படும். பறவைகள் அந்த ஈர விளிம்பைத் தொடர்ந்து நகரும். நீங்கள் செய்ய வேண்டியது, விடியும் நேரத்துக்குக் கரைமேட்டுக்கு வந்து, சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி ஓரிடம் தேர்ந்து, தலை வானத்தை வெட்டிக்கொண்டு தெரியாதபடி உட்கார்ந்துவிடுவது மட்டுமே. நின்றிருக்கும் மனிதனைவிட உட்கார்ந்திருக்கும் மனிதனைப் பறவைகள் எளிதில் பொறுத்துக்கொள்கின்றன. ஒரு புகழ்பெற்ற சரித்திர நாவலைப் படித்துவிட்டுக் கோடியக்கரையின் புதைசேற்றைத் தேடி வருகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: சேறு உண்மையில் ஆபத்தானது, அதில் இறங்கிப் பார்க்க வேண்டியதில்லை.

ஒரு கூட்டத்தைப் பறக்கவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். அழகாகக்கூட இருக்கிறதே என்பார்கள். கொசு உள்ளான் வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளியில் கூடுகட்டுவது. அங்கிருந்து வந்து, குளிர்காலம் முழுவதும் இந்தச் சேற்றிலிருந்து புழுவையும் பூச்சியையும் பொறுக்கித் தின்று, உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, அந்தக் கொழுப்பை எரித்துத்தான் மீண்டும் அங்கே போக வேண்டும். நாம் ஒருமுறை எழுப்பும்போது அது சேர்த்ததில் கொஞ்சம் செலவாகிறது. மேயும் நேரமும் போகிறது. ஒரு காலையில் ஐந்து பேர் தனித்தனியே வந்து, ஒவ்வொருவரும் "ஒரே ஒரு தடவை" எழுப்பினால், அந்தப் பறவைக்கு அது ஐந்து தடவை. கையைத் தட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுப்பவரைப் பார்த்தால், சண்டை போடாமல், வனக்காவலரிடம் சொல்லுங்கள்.

பூநாரைகளின் சிவப்பை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். இந்த நிறம் அவை உண்ணும் சிற்றுயிர்களிலும் பாசியிலும் இருந்து வருவது. இளம் பறவைகள் சாம்பல் கலந்த வெள்ளையாகவே இருக்கும். நிற்கும்போது பெரியவையும் தொலைவிலிருந்து வெள்ளையாகத்தான் தெரியும். சிறகை விரிக்கும்போதுதான் உள்ளே அடக்கி வைத்திருந்த செம்மையும் கறுப்பும் வெளிப்படும். அவை தாமாகவே அவ்வப்போது சோம்பல் முறித்து ஒரு சிறகை நீட்டும், அதற்குக் காத்திருந்தால் போதும். பைனாகுலரில் பாருங்கள்: தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே வரும்படி தண்ணீரில் வைத்து, நாவை அசைத்து நீரை உறிஞ்சி வடிகட்டியபடி, காலால் சேற்றைக் கிளறிக்கொண்டு மெல்ல நகரும். அவற்றோடு கூழைக்கடா, கரண்டிவாயன், சங்குவளை நாரை, ஆலாக்கள், கடற்காகங்கள் ஆகியவற்றையும் காணலாம். பெயர் தெரியாத பறவைகளே முதல்முறை அதிகம் இருக்கும். அலகின் நீளம், கால் நிறம், நடக்கும் விதம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, அறைக்குத் திரும்பிய பின் புத்தகத்தைப் புரட்டுங்கள்.

கடற்கரையில்

காட்டைத் தாண்டினால் கடல். வாடை பருவத்தில் பக்கத்து மீனவக் கிராமங்களிலிருந்து பலர் இங்கே வந்து குடிசை போட்டுத் தங்கி மீன்பிடிப்பார்கள். படகு கரையேறும் நேரத்தில் அவர்களுக்குப் பேச நேரமிருக்காது. மீனை ஏலம் விட்டு, வலையைச் சரிசெய்து, ஓய்ந்து உட்கார்ந்த பின் கேட்டால் கடலைப் பற்றி எவ்வளவும் சொல்வார்கள். அவர்களையோ பிள்ளைகளையோ கேட்காமல் படம் எடுக்காதீர்கள். சங்கு, சிப்பிகளைப் பொறுக்கிப் பையில் போடாதீர்கள். காலியான சங்கு துறவி நண்டுக்கு வீடு, இரண்டு நண்டுகள் ஒரு சங்குக்காக மல்லுக்கட்டுவதை நான் இதே மணலில் பார்த்திருக்கிறேன். கடல் அட்டை, கடல்குதிரை போன்றவற்றை யாராவது ரகசியமாக விற்க வந்தால் விலகிவிடுங்கள். அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, வாங்குபவரும் குற்றவாளிதான்.

பங்குனி ஆமை எனப்படும் சிற்றாமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். முட்டைகளை நரியும் நாயும் தோண்டிவிடாதபடி வனத்துறையினர் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள். ஏறத்தாழ ஏழு வாரத்தில் குஞ்சுகள் வெளிவரும். அவற்றைக் கடலில் விடுவதைப் பார்க்க விரும்பினால் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள், அனுமதித்தால் போங்கள். தனியே இரவில் டார்ச் விளக்கோடு கரையில் சுற்ற வேண்டாம். குஞ்சுகள் கடலின் வெளிச்சத்தைப் பார்த்தே திசையறிகின்றன. கைப்பேசி விளக்கு ஒன்று போதும், அவை திசை மாறிக் காட்டுப் பக்கம் ஊர்ந்துவிடும். தொட்டுத் தூக்கிக் கையில் வைத்துப் படம் எடுப்பதும் வேண்டாம். மணலில் அந்தச் சில அடிகளைக் குஞ்சு தானே ஊர்ந்துதான் கடக்க வேண்டும். இறந்த ஆமை ஒதுங்கியிருந்தால், இடத்தையும் நேரத்தையும் குறித்து அலுவலகத்தில் சொல்லுங்கள்.

கரையில் குளிக்கும் ஆசை இருந்தால், ஊரார் குளிக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கத்தின் இடிபாட்டை 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை சிதைத்தது; எஞ்சியதன் மீது ஏறவோ செங்கல்லைப் பெயர்க்கவோ வேண்டாம்.

இரண்டாம் நாள் இருந்தால்

கோடியக்காட்டில் தேவாரப் பாடல் பெற்ற கோடிக்குழகர் கோயில் இருக்கிறது. வெயில் ஏறி, மானும் பறவையும் நிழலுக்கு ஒதுங்கிய பிறகு அங்கே போகலாம். இன்னும் ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் முத்துப்பேட்டைக்குச் செல்லுங்கள். பாமணியாறும் கோரையாறும் கடலை நெருங்கும் அந்த இடத்தில், ஜாம்புவானோடையிலிருந்து படகில் போனால், சேற்றிலிருந்து விரல்விரலாக மேலெழுந்து நிற்கும் அலையாத்தியின் மூச்சுவேர்களுக்கு நடுவே ஆறு காயலாக விரிவதைப் பார்க்கலாம். படகுக்காரரிடம் பாட்டு போட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வேர்களுக்கு அருகில் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். உள்ளூர் ஆட்களையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பறவைகள் இருந்தால்தான் தங்களுக்கும் வருமானம் என்ற நிலை ஊராருக்கு ஏற்படுவதற்கு அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

புறப்படும் முன்

காலணியையும் கால்சட்டை மடிப்பையும் உதறி, ஒட்டியிருக்கும் விதைகளைத் தட்டிவிட்டுப் புறப்படுங்கள். வரும்போதும் அதையே செய்திருக்க வேண்டும். குப்பைப்பையை ஊர்த் தொட்டியில் போடாமல் வீட்டுக்கே கொண்டுபோங்கள், ஏனென்றால் இங்கே தொட்டியைக் கிளற நரியும் குரங்கும் இருக்கின்றன.

கடைசியாக, பறவைகளின் கால்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் நெடுங்காலமாகக் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு விடுகிறார்கள். அந்த அமைப்பைச் சேர்ந்த பறவையியலாளர் சாலிம் அலி இந்த இடத்தின் அருமையை நாடறியச் செய்தவர்களில் முதன்மையானவர். உலோக வளையமோ வண்ணப் பட்டையோ கட்டிய பறவை கண்ணில் பட்டால், எண்ணைப் படிப்பதற்காக அதைத் துரத்தாமல், இருந்த இடத்திலிருந்தே படம் எடுத்து, எந்தக் காலில், முழங்காலுக்கு மேலா கீழா, பட்டையின் நிறமும் வரிசையும் என்ன, எந்த நாளில் எந்த இடத்தில் என்பதை எழுதி அந்தக் கழகத்துக்கு அனுப்புங்கள். ஓர் இலக்கம் தெளிவாகத் தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே எழுதுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.